திருடன் கையில் சாவி

க்ல்தானி. பதினாறு மாடிக் குடியிருப்பு.
லிஃப்ட் ஏற இருபது தெத்ரி;
காசு விழுந்தால்தான் அது அசையும்.
வியாழன்தோறும் பூட்டைத் திறந்து
காசைக் கொட்டி எண்ணுகிறவன் நான், முர்மான்.
திபிலிசியின் இந்த மூலையில்
முப்பத்தொரு லிஃப்ட் என் பொறுப்பு.
விரல் நுனியில் இரும்பு வாடை.
சோப்புக்கும் போகாது,
ரொட்டியைப் பிட்டால் ரொட்டியிலும் அது.

ஆட்களை எனக்குக் காசாகத்தான் தெரியும்.
நசுங்கிய காசாகவே போடுகிறவர் ஒருவர்.
சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்துத்
தோற்றுப்போன பையன் ஒருவன்.
ஒரே காசில் இரண்டு பேர் போகலாம் என்று
இன்னொருவர் வரும்வரை
கைபேசியைத் தடவியபடி கீழே நிற்பார்கள்.
காசு போட்டவருக்கு ஒரு தலையசைப்பு.
அந்த உறவு நான்காம் மாடியில் அறும்.

ஜனவரியில் யாரோ காசுப்பெட்டியின் மேல்
ஒரு தீப்பெட்டியை ஒட்டியிருந்தார்கள்.
உள்ளே சில்லறை. மேலே பேனாவால்:
'இல்லாதவர் எடுத்துக்கொள்ளுங்கள்.'
சிரித்தேன்.
மறுவாரம் காலி. அதற்கடுத்த வாரம் நிறைந்திருந்தது.
பிறகு தீப்பெட்டியையே காணோம், பசைத் தடம் மட்டும்.
பிறகு ஒரு தகர டப்பா,
இருமல் மிட்டாய் வந்தது.

மார்ச்சில் ஓர் இரவு
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கரண்ட் போனது.
உள்ளே நானும் ஒன்பதாம் மாடிப் பெண்ணும்.
லமாரா என்ற பெயர் அப்போது தெரியாது.
மருத்துவமனையில் இரவுப்பணி,
கோட்டுக்குக் கீழே வெள்ளைச் செருப்பு.
பத்து நிமிடம் பேச்சில்லை.
அவரவர் வெளிச்சம் அவரவர் முகத்தில்.
அவளுடைய கைபேசி தீர்ந்து அணைந்தது.
ஏனோ என்னுடையதையும் அணைத்தேன்.

இருட்டில் ஒரு கை சூரியகாந்தி விதை நீட்டியது.
தோலை எங்கே துப்புவது என்பதுதான்
எங்கள் முதல் உரையாடல்.
தொப்பியைக் கழற்றி நடுவில் வைத்தேன்.

'அந்தத் தீப்பெட்டியைக் காலி பண்ணினது நான்' என்றாள்.
'பன்னிரண்டு காசு. சம்பளம் தள்ளிப்போன வாரம்.
ஒரு ரொட்டி, ஒரு பஸ்.
அப்புறம் போடத் தொடங்கினேன்.
எடுத்ததைவிட அதிகம் போட்டாச்சு,
இன்னும் தீர்ந்தபாடில்லை.'

நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை.
சொன்னேன்.
வாரம் பத்துக் காசு எடுப்பேன், இந்த ஒரு லிஃப்டில் மட்டும்,
இங்கே கணக்குப் பார்க்க ஆளில்லை,
ஆறு வருஷமாக.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு பிடி விதை.

வெளிச்சம் வந்தபோது
ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றோம்.
ஒன்பதில் இறங்கிப் போனாள்.
என் தொப்பி நிறைய ஓடு.

அந்த வியாழனும் பத்துக் காசு எடுத்தேன்.
எடுத்து, தகர டப்பாவில் போட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒருநாள்
நான் எண்ணிக்கொண்டிருந்த குவியலின் மேலேயே
ஒரு சாவியை வைத்தாள்.
'குத்தாயிசியில் மகள் வீட்டுக்கு, பத்து நாள்.
எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் வேண்டும்.'
'திருடன் கையிலா?' என்றேன்.
'திருடன் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான்.
மற்றவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?'

செருப்பை வெளியே விட்டு உள்ளே போனேன்.
சமையலறை மேசையில்
ஒரு தட்டு நிறைய இருபது தெத்ரிகள்.
வேண்டுமென்று வைத்தாளா, மறந்தாளா.
எண்ணுவது என் தொழில்;
கண் தானாக அடுக்கத் தொடங்கியது, ஐந்து, பத்து...
குழாயைத் திறந்தேன்.
தண்ணீர்ச் சத்தத்தில் கணக்கு விட்டுப்போனது.

திரும்பி வந்தவள் தட்டைப் பார்க்கவில்லை.
செடியைப் பார்த்தாள்.
'இவ்வளவா ஊற்றுவார்கள்? வேர் அழுகியிருக்கும்!'
படிக்கட்டு அதிரத் திட்டிவிட்டு
ஒரு பை ஹேஸல் கொட்டையை என் கையில் திணித்தாள்.
சாவியைக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் லிஃப்டுக்கு
அட்டை காட்டும் கருவி வருகிறதாம்.
காசுப்பெட்டியைக் கழற்றப்போகிறவனும் நானே.
மேலே இருக்கும் டப்பாவை என்ன செய்வது?
அவளிடம்தான் கேட்க வேண்டும்.