பதினாறு மணித்தியாலம்

நாலு மொழியில் அச்சடித்த புத்தகம்.
டொச்சை மட்டும் தட்டித்தடவி வாசிக்கிறேன்,
ஒரு கண் எழுத்தில், ஒரு கண் ரசச் சட்டியில்.

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே.
ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, நனைத்த துணி போதும்.
கரண்ட் நின்றால் அவசரத்துக்கும் அழைக்க ஏலாது.
வாயு கசிந்தால்
அதை அறிவிக்க இந்தப் போனைக்
கசியும் இடத்தில் எடுக்காதே.
தள்ளிப் போய் நின்று சொல்.

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
பீல் நகரம் வரைக்கும் தள்ளி வந்தவர்கள் நாங்கள்.
சொன்னோமா என்பது வேறு கதை.

பழைய போனுக்கும் இப்படியொன்று வந்தது.
பிரிக்காமலே கெல்லருக்கு அனுப்பினேன்.
பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்,
வீட்டுக்குள் ஐம்பது மீற்றர்தான் என்றும்
கொங்கிறீட் அதிலும் குறைக்கும் என்றும்.

வியாழன் எங்கள் உடுப்புத் தோய்க்கிற முறை.
மூன்று கிழமைக்கு ஒருக்கால்தான் திறப்புக் கைக்கு வரும்;
பிந்தினால் மதாம் ஷானெரே கதவில் கடதாசி ஒட்டுவா.
அதனால் சுகிர்தமலர் மச்சாள் பாரிசிலிருந்து எடுத்தபோது
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்,
இடுப்பில் கூடை,
படியிறங்கியபடியே கதைத்தேன்.

சீட்டுக்காசு.
ஆர் கழிவு எடுத்தது, ஆர் கட்டாமல் விட்டது.
"அப்ப நான் கள்ளியோ?"
அவ கேட்டது தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில்.
"ஐயோ இல்லை மச்சாள்"
நான் சொன்னது நிலத்துக்குக் கீழே, பதினோராம் படியில்.
மூன்று தரம் கீச்சிட்டு
அறுந்துபோனது.
என் 'இல்லை' அந்தச் சுவருக்குள் நிற்கிறது.
நான் வைத்துவிட்டேன் என்றுதான் அவ நினைத்திருப்பா.

போனை ஏப்ரன் பொக்கற்றில் செருகினேன்.
ஏப்ரனையும் மெஷினுக்குள் போட்டேன்.
அறுபது பாகை.

மூன்று நாள் அரிசிக்குள் புதைத்தும் பார்த்தாயிற்று.
சார்ஜில் வைக்கப் போன என் கையை
மகன் ஆரணன் தட்டிவிட்டான்:
"ஈரத்தோட வைச்சா வெடிக்கும் அம்மா!"
அந்த அரிசியைச் சமைக்கவும் மனம் வரவில்லை.

கடைப் பெடியன் லோயிக்
முதுகு மூடியைக் கழற்றி
சின்னி விரல் பருமனான இரண்டு பற்றறியையும்
தனியாக ஒரு குழாய்க்குள் விட்டான்.
உடம்பு வேறு பெட்டிக்கு.
எவ்வளவு என்றேன்.
வாங்கிய அன்றே கட்டிவிட்டீர்கள் என்றான்.
எறிகிற செலவை முன்கூட்டியே எடுத்துவைக்கிற நாடு.

"தாங்கி எங்கே?"
வீட்டில், இன்னும் மினுங்கிக்கொண்டு.
அதில் ஒரு பொத்தான் உண்டு,
அமத்தினால் காணாமல்போன போன் எங்கிருந்தாலும் கத்தும்.
அமத்திப் பார்த்தேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

பதிந்துவைத்த நம்பர்கள் எல்லாம் தோய்ந்துபோயின.
மச்சாளுடையது மட்டும் விரலில் இருக்கிறது.

புதிதை முதல் தரம்
பதினாறு மணித்தியாலம் தாங்கியில் விட வேண்டுமாம்.
காலை பதினொன்றுக்கு வைத்தேன்.
இப்போது இரவு ஒன்பதரை.
அவ வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிற நேரம்.

புத்தகத்தை மூடி
அதன்மேல் ரசச் சட்டியை இறக்கினேன்.
தாங்கியை விட்டு ஒரு முழம் நகராமல்,
வயர் பூட்டிய போனில் கதைப்பவள்போல நின்று
அமத்துகிறேன்:
சைபர், சைபர்,
மூன்று,