முதல் பத்து நிமிடம்

நாலே முக்காலுக்குக் கதவைத் தள்ளினால்
எனக்கு முன்னால் காற்று உள்ளே போய்
சுவரில் தொங்கும் ஜூலை மாதத்தைக்
கிழிக்கப் பார்க்கிறது.
ஒரு கையில் காலண்டர், ஒரு கையில் கதவு.
விளக்கைத் தேட மூன்றாவது கை
பட்டகோனியாவில் யாருக்கும் கிடையாது.

அனீபல் அடுப்பு மூட்டினான்.
கம்பத்தில் பனி உறைந்து கிடக்கிறது என்றான்,
ஆனாலும் ஏறிவிடும் என்றான்.
ஒலியைச் சொன்னானா தன்னைச் சொன்னானா
கேட்கவில்லை.

சீட்டுகள் இருபத்து மூன்று.
பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போனவை,
தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் கிறுக்கியவை,
ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று, முத்திரை குத்தி.
செல்போன் எட்டாத ஆட்டுப் பண்ணைகளுக்கெல்லாம்
ஆறு மணிக்கு நாங்கள்தான் தபால்.

பரப்புகிறேன், ரம்மி ஆடுகிறவள் மாதிரி.

திருமதி ஓர்த்தென்சியா அந்திலெஃப்:
கண்ணாடி தயார். இடது கண்ணுக்கு
இன்னொரு தடவை வரச் சொல்கிறார்கள்.

மேட்டுப் பண்ணைக்காரர்களுக்கு:
கிடாக்கள் வியாழன் வருகின்றன. வாயிலைப் பூட்ட வேண்டாம்.

லூர்தெஸ், வந்து சேர்ந்தேன். கோபமில்லை.
(யார் என்று எழுதவில்லை.
லூர்தெசுக்குத் தெரிந்தால் சரி.)

யமிலாவுக்கு இன்று ஏழு வயது. அத்தை அனுப்பும் பாட்டு.

எவரிஸ்தோ நவெல்கிர்:
நீ கேட்ட பேட்டரி லாரியில் ஏறிவிட்டது.

லாரி இன்னும் கணவாயில் நிற்கிறது,
பனிக்குள் சக்கரம் புதைந்து.

பதினோரு வருஷத்தில் நானே போட்டுக்கொண்ட
வரிசை ஒன்று உண்டு.
வானிலை முதலில். பிறகு பிறந்தநாள்.
சாவை நடுவில் வை.
அடுப்பின் முன் குந்தியிருப்பவன் தலையில்
எடுத்த எடுப்பில் போடாதே.
கடைசியிலும் வேண்டாம்,
அதற்கப்புறம் அவனுக்கு இரைச்சல்தான் துணை.
கம்பளி விலைக்குப் பக்கத்தில் ஒருபோதும் கூடாது.
முன்னால் கொஞ்சம் கித்தார், பின்னால் கொஞ்சம்,
சொல் இல்லாமல்.

முத்திரைச் சீட்டில் ஆறு இருபத்தைந்து என்று
பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

எல்பா வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றாமல்
சீட்டைப் படித்தாள்.
பேட்டரிச் சீட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள்.
இரண்டிலும் ஒரே பெயர்.

போன வாரம் ஒரு குதிரைக்காரனிடம்
சொல்லி அனுப்பியிருந்தான் எவரிஸ்தோ:
பேட்டரி சாகப் போகிறது,
முதல் பத்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிடுகிறேன்.

ரப்பரைத் தேடினேன்.

ஆறு மணி ஒரு நிமிடம்: கால்நடை மருந்துக்கடை விளம்பரம்.
அந்த இடத்துக்குக் காசு கட்டியிருக்கிறார்கள்.
நாளைக்குக் கத்துவார்கள், கத்தட்டும்.
யமிலாவின் பாட்டு ஆறரைக்குப் போனது.
பிறந்தநாள் அரைமணி நேரத்தில் கெட்டுப்போகாது.

தங்கள் சகோதரர் தெயோஃபிலோ அவர்கள்
நேற்றிரவு காலமானார் என்று
ஆஸ்பத்திரி எழுதியிருந்தது.
எல்பா அடித்தாள். "போய்விட்டார்."
காற்று இரைச்சலில் எந்த ஊருக்கு என்று கேட்பான்.
அதையும் அடித்தாள்.
"உன் தம்பி இறந்துவிட்டான்."
அதை அப்படியே விட்டாள்.

பெயரை இரண்டு முறை சொல் என்றேன்.
முதல் முறை யாருக்கும்
வேறு யாரையோ கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.
சனிக்கிழமை அடக்கம்.
வெள்ளி மதியம் பாலத்தருகே வண்டி நிற்கும்.
பாலத்தை மட்டும் மூன்று முறை.

அவள் மூலையில் நின்று
உதட்டை மட்டும் அசைத்துப் படித்துப் பார்த்தாள்.
முப்பத்தெட்டு விநாடி.
மறுபடி படித்தாள். நாற்பத்தொன்று.
மூன்று விநாடி எங்கே போயிற்று என்று
நான் கேட்கவில்லை. தாளில் நாற்பத்தைந்து என்று எழுதினேன்.

ஐந்து ஐம்பத்தெட்டு.
அனீபலின் விரல் குமிழின் மேல்.
இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி
வானொலியைத் திருகுவதற்கு முன்
கையை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டிருப்பான் ஒருவன்.
இன்னும் அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான்,
இரண்டு நிமிடத்துக்கு.

அடுப்பில் கெண்டி கொதித்து மூடி ஆடுகிறது.
துணியால் பிடித்து எடுத்துத்
தரையில் வைக்கிறேன்,
சத்தம் வராமல்.