நப்ராஸ் ஓடாத தூரம்

இருபத்தொரு வெஸ்ட். ஒவ்வொன்றின் பின்கழுத்திலும்
தீப்பெட்டியளவில் ஒரு கருவி.
ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு உரித்துத் தருவார்கள்.
கருவியைக் கழற்றி மின்னேற்றுவதும்
துணியைச் சவர்க்காரம் போட்டு அலசுவதும்
எண்களைக் கொழும்பிலிருக்கும் முதலாளிக்கு அனுப்புவதும்
என் வேலை. மூன்றுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

ஐப்பசியில் தொடங்கினோம்.
முதல் ஆட்டம்: பதினொரு கிலோமீற்றரும் நூற்றிருபது மீற்றரும்.
நப்ராஸ், பதினாறாம் இலக்கம், நடுக்களம்,
கிண்ணியாவிலிருந்து வருகிறவன்.
ஆறு கிழமைப் பயிற்சி முகாமின் முறுக்கு
உடம்பில் அப்படியே இருந்தது.
நம்பாமல் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

அடுத்த கிழமை, மணிக்கு எழுபத்தொரு கிலோமீற்றர் வேகம்
என்று வந்து நின்றது.
கேட்டால், வெஸ்ட்டைக் கழற்ற மறந்து
மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போயிருக்கிறான்.
அந்த வரியை அழித்தேன்.
அழிக்க முதல் ஒருக்கால் பார்த்தேன்:
கிண்ணியாப் பாலத்தின் நடுவில் கோடு
நாலு நிமிடம் அசையாமல் நின்றிருந்தது.
ஏன் என்று கேட்கவில்லை.

மார்கழி. வாடை அடித்து ஊற்றியது.
கோல் கம்பத்தடியில் குளம்.
கோட்டைப் பக்கத்து மான்கள்
பார்வையாளர் கொட்டகைக்குள் ஏறி ஒதுங்கின,
எங்கள் ரசிகர்களைவிடக் கூடுதலாக.
பந்து உருளாமல் விழுந்த இடத்தில் குந்தியது.
தூரம் எட்டரை.
இதயம் மட்டும் நிமிடத்துக்கு நூற்றெண்பத்துநாலு.
குறைய ஓடினான் என்கிறது வரைபடம்.
சேற்றிலிருந்து காலைப் பிடுங்கியதை எழுத
அதில் நிரல் இல்லை.

தை, மாசியில் நிலம் இறுகியது, புல் பிடித்தது.
ஐந்து ஆட்டம், ஐந்திலும் கோடு மேலே.
எண்பதாம் நிமிடத்தில் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்க
இவன் பின்னுக்கு ஓடிவந்து பந்தைப் பறிப்பான்.
முதலாளி கைதட்டும் படம் அனுப்பினார்.
நான்தான் ஓடினேன் போல எனக்கு.

பிறகு நோன்பு.
பயிற்சியை இரவுக்கு மாற்றினோம்.
ஆட்டங்களை லீக் மாற்றவில்லை.
நாலு மணி வெயில். இடைவேளையில்
போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றினான்,
உதடுகளை இறுக மூடிக்கொண்டு.
அறுபதாம் நிமிடத்தோடு வேகம் விழுந்தது.
விழுந்தவை வீண் ஓட்டங்கள்தான் என்று
மூன்றாம் ஆட்டத்தில்தான் எனக்கு விளங்கியது.
பந்து வரப்போகும் இடத்தில்
முன்கூட்டியே போய் நிற்கப் பழகிவிட்டான்.
நிற்பதை இந்தக் கருவி பூச்சியம் என்று எழுதும்.

வைகாசி, கச்சான்.
எல்லோர் தொண்டைக்குள்ளும் மணல்.
அவனுக்குப் பின்தொடை பிடித்தது.
மனையாவெளி மீன்வாடியில் ஐஸ் வாங்கி வந்து கட்டினேன்,
சூரை மணத்தோடு.
“அக்கா, இந்த மாசக் கணக்கக் கொஞ்சம் பாத்துப் போடுங்க.”
நான் அவனுடைய பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நகம் கறுத்து, கழரப் போகிறது.

நேற்று முதலாளியின் செய்தி:
ஆளுக்கு ஓர் எண் போதும்,
வைப்பதா விடுவதா என்று நாங்கள் முடிவெடுக்கிறோம்.
இருபத்திரண்டு ஆட்டங்களையும் கூட்டிப் பிரித்தேன்.
ஒன்பது கிலோமீற்றரும் அறுநூற்று நாற்பது மீற்றரும்.
மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினேன்.
அந்தத் தூரத்தை நப்ராஸ்
ஒருநாளும் ஓடவில்லை.

இன்னும் அனுப்பவில்லை.
வெஸ்ட்டுகளை அலசவுமில்லை, வேலியில் கிடக்கின்றன.
பதினாறாம் இலக்கத்தின் கழுத்தை
ஒரு மான் நக்கிக்கொண்டிருக்கிறது, உப்புக்காக.
விரட்ட எழும்பினேன்.
பிறகு
இருந்துவிட்டேன்.