ஏழாம் தடம்

முகம் திடீரென்று சிவக்கும்.
சில்லறை எண்ணும்போது, சும்மா இருக்கும்போது,
கழுத்திலிருந்து காதுவரை
ஒரு சூடு ஏறி இறங்கும்.
யாரோ நினைக்கிறாங்கடி என்பாள்
ஆறாம் தடத்து நஸ்ரீன்.
வெயில் என்றார் ஷிப்ட் மேலாளர்.
நிற்கிற வயசு என்றது காவேரிப்பட்டணத்து கிளினிக்.
இரண்டு வருஷம்
சொன்னதையெல்லாம் நம்பினேன்.

குடலில் கடுகளவு ஒன்று,
கல்லீரலில் அது போட்ட ஒன்பது.

பெங்களூரில் காலியம் ஊசி.
அறுபத்தெட்டு நிமிஷத்தில் பாதியாகிவிடுமாம்;
சூளகிரி நெரிசலில் மாட்டியிருந்தால்
வழியிலேயே கரைந்திருக்கும்.
திரையில் நான் சாம்பல்.
சாம்பலுக்குள் ஒன்பது கங்கு.
"நல்லா எரியுது, நல்ல விஷயம்" என்று
டாக்டர் பெள்ளியப்பா சிரித்தார்.
திம்மராயன் என் கையை விட்டுவிட்டு
வெளியே போய் நின்றுகொண்டான்.

செல்லின் தோல்மேல் ஏற்பிகள் இருக்காம்.
போதும், அடங்கு என்று
உடம்பு அனுப்பும் சேதியைக் கேட்க
முளைத்த காதுகள்.
என் கட்டிகளுக்குக் காது ஏராளம்.
பேச்சு மட்டும் கேட்பதில்லை.

ஆகவே அதே குரலை மறுபடி அனுப்புவார்கள்,
இந்தமுறை மடியில் நெருப்பைக் கட்டி.
லுட்டீசியம் என்று பெயர்.
குரல் தெரிந்ததுதானே என்று
காது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இது எனக்குப் புரிந்தது.
கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை
மேலே இருக்கும் கருவி கேட்கும், கட்டை எழும்பும்.
உள்ளே இருப்பது கிரானைட்டா, மாங்கூழா, தக்காளியா,
யார் பார்த்தார்கள்?

சிறுநீரகத்தைக் காக்க ஏறிய பாட்டிலில்
குடல் வாய்வரை வந்துபோனது.
ஈயக் கதவுக்குப் பின்னால் ஒரு ராத்திரி.
கழிப்பறையில் இரண்டுமுறை தண்ணீர் திறக்கச் சொன்னார்கள்.
வீட்டுக்கு வந்தால்
ஹாலில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் லிகிதா,
கையை நீட்டிக் கட்டையாக்கி,
"பில்லு காட்டு, அப்புறம் விடறேன்."
ஒரு வாரத்துக்கு
என்னிடம் பில் இல்லை என்று சொன்னேன்.
மூன்றாம் நாள் அவளுக்கு விளையாட்டு அலுத்துவிட்டது.
கையை இறக்கவில்லை.

நாலு ஊசியில் மூன்று முடிந்தது.
முகம் இப்போது சிவப்பதில்லை.
நஸ்ரீனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.
ஒன்பதில் ஆறு மங்கிவிட்டன.
இரண்டு அப்படியே.
ஒன்று இந்தப் படத்தில் இல்லவே இல்லை.
நான் சந்தோஷப்பட வாய் திறந்தேன்.
அவர் பக்கத்துச் சிடி படத்தைத் திருப்பிக் காட்டினார்:
இருக்கிறது, முன்னைவிடப் பருத்து.
காதைக் கழற்றி வைத்துவிட்டது.
"இதுக்கு வேற வழி பாக்கணும்" என்றார்.
சிரிக்கவில்லை.

ராத்திரி ஷிப்ட். மாங்காய் மாசம்.
ஏழாம் தடத்தில் ஒரு லாரி,
கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.
கருவி ஊமையாக நிற்கிறது.
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.
சேறு அப்பிய நம்பர் பிளேட்டை
உள்ளங்கையால் துடைத்து
ஒவ்வோர் எழுத்தாக
வாய்விட்டுப் படிக்கிறேன்.