இருபத்து மூன்றாம் பதிவு

நொவீனாவில், எட்டாம் மாடிக் குளிரில்
சால்வை போர்த்திக்கொண்டு கேட்கிறேன்.
படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்,
ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து ஆறு.
மதிப்பெண் சிகிச்சையாளர் ஜெசிந்தாவுக்கு.
எதிரில் இருப்பவரை அளக்க எனக்கு அனுமதியில்லை.

முதல் சத்தம், நாற்காலி இழுபடுவது.
பக்கிரிசாமிக்கு வலக்காது கேட்காது;
இடப்பக்கம் போய் உட்கார்கிறாள்.
அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: நாற்காலி.

"தூக்கம் வரலம்மா."
"இந்த வயசுல அப்படித்தான் இருக்கும் ஐயா."

அங்கேயே நிறுத்தி, நான்காம் கட்டத்தில்
இரண்டு போட்டேன், அழுத்தி.
மறுபடி ஓடவிட்டால் மனிதர் சிரிக்கிறார்:
"மேல்வீட்டு கூவுக்குத் தொண்ணூறு.
அவன் குறட்டை என் கூரையில கேக்குது.
வயசு என்னம்மா பண்ணுச்சு?"
பேனா மூடி திறக்கும் சத்தம். பிறகு அவள்,
"நான் சொன்னது தப்பு. எப்போலேர்ந்து தூங்கல?"

இரண்டை அடித்தேன்.
தவறுக்கு எவ்வளவு குறைப்பது,
தவறென்று ஒப்புக்கொண்டதற்கு எவ்வளவு கூட்டுவது?
கையேட்டைப் புரட்டினேன்.
நாற்பதாம் பக்கத்தில் வேறெதுவோ இருந்தது.

கெப்பல் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்,
முப்பது ஆண்டுகள், ஒரு பெட்டியும் விழவிடாமல்.
"வீட்டுக்குள்ள விழுந்து செத்தா
மூணு நாளைக்கு யாருக்கும் தெரியாது."

அப்படியெல்லாம் ஆகாது என்று அவள் சொல்லவில்லை.
"யாருக்கு முதல்ல தெரியும்?" என்கிறாள்.

நாற்பத்தொரு விநாடி.
கடிகாரம் வைத்து எண்ணினேன்.
வெளியே ஒரு பேருந்து மூச்சுவிட்டு நிற்கிறது, போகிறது.
ஏழாம் கட்டம், அமர்வின் வேகம்.
மெலிசா இதற்கு ஒன்றுதான் கொடுத்திருப்பாள்.

"கீழ்க்கடை ஆ ஹொக்...
நான் உக்கார்றதுக்கு முன்னாடியே
கோப்பி ஓ கோசோங் வச்சிருவான்.
போகலன்னா ஆறிப்போகும்ல."
"எத்தனை மணிக்கு வைப்பார்?"
"ஏழரை."

மூன்று நாள் ஏழரை மணியாகச் சுருங்கியதை
அவள் தொகுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை. பதினொன்றாம் கட்டம், சுழியம்.
நியாயமான சுழியம். மாற்ற மாட்டேன்.

எனக்கானால் யாருக்கு முதலில் தெரியும்
என்று ஒரு நிமிடம் பதிவைத் தவறவிட்டேன்.
பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன்:
பெரிய எழுத்தில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்,
கடைக்காரரிடம் தொலைபேசி எண் கொடுக்க வேண்டுமாம்.
"ஏன்னு கேட்டா?"
"கோப்பி ஆறக்கூடாதுன்னு சொல்லுங்க."

கதவு. நாற்காலி பழைய இடத்துக்கு இழுபடுகிறது.

ஏழாம் கட்டத்தில் ஐந்து எழுதினேன்.
வியாழக்கிழமை மெலிசாவோடு வாதாட வேண்டும்,
கையில் ஆதாரமாக
நாற்பத்தொரு விநாடி ஒன்றுமில்லாத சத்தம்.