கை விரிக்கும் வேலை

சட்டையில் பை கிடையாது.
கால்சட்டைப் பைகளைத் தைத்து மூடித்தான் தந்தார்கள்.
அரை மணிக்கு ஒரு முறை மேசை மாற வேண்டும்.
எழும் முன் ஒரு கைதட்டல்,
பிறகு இரண்டு உள்ளங்கையும் கூரைக் கேமராவுக்கு:
பார், ஒன்றுமில்லை.

விசா செலவுக்குக் கேட்டபோது
தூத்துக்குடியில் ரொசாரியோ மாமா செய்ததும் இதைத்தான்,
கைதட்டல் மட்டும் இல்லாமல்.

ராஸ் அல் கைமா.
கடலில் மண்ணைக் கொட்டி அதன்மேல் ஹோட்டல்.
பன்னிரண்டு நாள் தொடர், நாற்பது மேசை,
சன்னல் இல்லாத மண்டபம்.
முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிப்ஸை உருட்டுகிறார்கள்.
இந்த ஊரில் பெய்யாத மழையெல்லாம்
உள்ளே பெய்துகொண்டிருக்கிறது.

ஒன்றாம் இருக்கையில் பெய்ரூத் பல் மருத்துவர்.
தோற்றால் தன் தாடையையே அழுத்திப் பார்ப்பார்.
மூன்றில் கஜகஸ்தான் பையன்,
தொப்பிக்கு மேல் ஒரு தொப்பி.
ஐந்தில் காசர்கோட்டு சூப்பர்மார்க்கெட் முதலாளி
என் அம்மாவை மலையாளத்தில் திட்டிவிட்டு
ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறார்.
எட்டில் குலசேகரன்.
அஜ்மானில் டயர் கடைக் கணக்கர்.
நானூறு திர்ஹாம் சிறு போட்டியில் ஜெயித்து வந்த நாற்காலி அது,
நாற்காலிக்கே தெரியும், அத்தனை முறை சொல்லிவிட்டார்.

மேசையில் ஆங்கிலம் மட்டுமே. விதி.
அவரோ சீட்டின் ஓரத்தை விரலால் தூக்கி
'வாடி என் ராசாத்தி' என்கிறார்.
நான் பச்சைத் துணியைப் பார்க்கிறேன்.

எண்பது பேருக்குப் பணம். மீதி இருப்பது எண்பத்தொரு பேர்.
யாரோ ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும்.
யாரும் கழிவறைக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

பையன் எல்லாவற்றையும் தள்ளினான்.
குலசேகரன் நெடுநேரம் மூச்சை எண்ணினார்.
பிறகு அவரும்.

பையனிடம் இரண்டு ஆறு.
இவரிடம் இரண்டு ராணி.
ஜாக்கி, ஒன்பது, இரண்டு வைத்தேன்.
ராஜா வைத்தேன்.
மண்டபத்தில் மழை நின்றது.

கடைசிச் சீட்டுக்கு முன் ஒன்றை எரிக்க வேண்டும்.
எரிப்பது என்பது சொல் மட்டும்தான்:
குப்புறப் போட்டு ஒதுக்குவது.
அது என்னவென்று யாருக்கும் தெரியாது,
தெரியவும் கூடாது.
எரித்தேன்.

கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர்.
ரிவரில் ஆறு வந்தது.

மொழிபெயர்த்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.
எனக்கு உள்ளே வந்தது வேறு.
முகத்தை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு
அவர் சிப்ஸை எண்ணி
பையன் பக்கம் தள்ளினேன்.
எழுபத்து மூவாயிரம். ஒருமுறை தப்பாகி மறுபடி எண்ணினேன்.
எண்பது பேர் எழுந்து கைதட்டினார்கள்,
அவருக்கல்ல, தங்களுக்கு.

விடிய நாலே கால்.
ஊழியர் பேருந்துக்காகப் பின்வாசலில் நிற்கிறேன்.
சரக்கு லாரிகளுக்கு நடுவே
டை அவிழ்ந்து அவர்.
போனில் சார்ஜ் இல்லை.
அஜ்மானுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று
ஆங்கிலத்தில் கேட்டார்.

'ஆறு' என்றேன்.

சொன்ன பிறகுதான்
என் காதிலேயே விழுந்தது.

ஒரு கணம் விழித்தார்.
பிறகு லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு
இருமல் வரும்வரை சிரித்தார்.
'அதுவும் ஆறா? அடப்பாவி, தமிழா நீ!
எட்டு மணி நேரம் எப்படிய்யா கல்லு மாதிரி இருந்த?'

காவலாளிகள் கூடும் வண்டியில் கரக் டீ, தலா ஒரு திர்ஹாம்.
எனக்குப் பையில்லை, அவர்தான் கொடுத்தார்,
சில்லறையைப் பழக்கத்தில் அடுக்கடுக்காக வைத்து.

கோப்பை பாதியானதும் குரலைத் தணித்தார்.
'அந்த எரிச்ச சீட்டு. ராணியா?'
பார்க்கக் கூடாது சார்.
'கூடாதுன்னு தெரியும். பாத்தியா?'

டீயைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன்.
அங்கே கேமரா கிடையாது.