பதினேழாம் மலர்வளையம்

ஜூலை கடைசி நாள், பாடாங் கோத்தா.
கடல் கைக்கெட்டும் தூரத்தில்; காற்று மட்டும் இல்லை.
டத்தோக்களின் கழுத்துப்பட்டிக்குள் வியர்வை இறங்குகிறது.
எக்காளம் ஊதும் பையன்
உதட்டை நனைத்துக்கொள்கிறான், மறுபடி நனைத்துக்கொள்கிறான்.

பட்டியல் என்னிடம்.
பதினாறு: ஏதோ ஒரு வங்கியின் வட்டார மேலாளர்.
பதினேழு: எங்கள் தொகுதி.
ஒன்பது வருஷம் அந்த எண்ணில் நடந்துபோனவர் புனிதமலர்.
போன தேர்தலில் எழுநூற்றுப் பதினோரு வாக்கில் தோற்றார்.
புதிய ஒய்.பி. கோலாலம்பூரில்.
அவர் வளையம் வந்துவிட்டது, நாடாவில் தங்க எழுத்து.
சேவை மையத்தில் எனக்கு அதே மேசை,
அதே ஆடும் நாற்காலி.

பொய் சொல்லக் கூடாது.
முதல் வருஷம் புனிதமலரும் படத்துக்குத்தான் வந்தார்.
முகத்தில் வெயில் விழும் பக்கம் பார்த்து
நான்தான் எடுத்தேன், பதினோரு படம்.
திரும்பும்போது மழை.
நினைவுத்தூணுக்குப் பின்னால், மரத்தடியில், ஒருவர்
தன் தலையை நனையவிட்டு
ஒரு பிளாஸ்டிக் பைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.
"உள்ளே என்னங்கய்யா?"
"நான்தாம்மா."

லான்ஸ் கார்ப்பரல் சவரிநாதன்.
கிரிக் காட்டில்
இடது காலின் மூன்று விரல்களை விட்டுவந்தவர்.
ராணுவப் பதிவேட்டில் சவுரிநாடன்,
அடையாள அட்டையில் சவரிநாதன்.
ஒருவர் இருவராகி
இருவருக்கும் பணம் இல்லை.
"கண்ணிவெடி எழுத்துக்கூட்டிப் பாக்கலையேம்மா" என்றார்.
எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
புனிதமலர் சிரித்தார், சத்தமாக, மழையில்.
அப்புறம் பையை வாங்கிக் காரின் முன்சீட்டில் வைத்தார்,
என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.

அன்றிலிருந்து கொம்தார் மாடிகள்,
வரிசை எண் சீட்டு, சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க.
சார்ஜென்ட் ஹம்சாவின் காது மெஷினுக்கு ஒரு பச்சைக் கோப்பு.
பூன் சியாங் மனைவியின் டயாலிசிஸுக்கு இன்னொன்று.
கோபக்காரி. என் மேலேயே இருமுறை எறிந்திருக்கிறார்,
காகிதம் பறக்காமல் நூல் கட்டிவிட்டு.
தோற்ற இரவில் கொடி, பதாகை, நாற்காலி எல்லாம் கிடக்க
கோப்புகளை மட்டும் அரிசி மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்.

இன்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.
எண் இல்லை, நாற்காலி இல்லை.
முன்னாள் வீரர்களின் கடைசி வரிசை,
சவரிநாதனுக்குப் பக்கத்தில்.

எக்காளம் எழுந்து அடங்குகிறது.
இரண்டு நிமிட மௌனம்.
காக்கைகூட ஒத்துழைக்கிறது.
அப்போது அவர் கைப்பேசி அடிக்கிறது.

தலைகள் திரும்புகின்றன.
அணைத்துவிடுவார் என்று நினைக்கிறேன்.
அவர் குனிகிறார், முந்தானையால் வாயை மூடுகிறார்,
வைக்காதீர்கள் என்று மலாயில் கெஞ்சுகிறார்,
மூன்று மாதமாய் இந்த அழைப்புக்குத்தான் என்கிறார்,
பிறகு எழுத்தெழுத்தாக:
எஸ். ஏ. வி.

செத்தவர்களுக்கென்று ஒதுக்கிய நிசப்தத்தில்
சாகாத ஒருவரின் பெயர்
மெதுவாக நடந்துபோகிறது, சற்று நொண்டி.
ஏ. ஆர். ஐ.
சவரிநாதன் விறைத்து நிற்கிறார்.
சல்யூட் வைத்த கை அசையவில்லை.
உதடு மட்டும் ஒவ்வோர் எழுத்தாய்ப் பின்தொடர்கிறது.
வங்கி மேலாளர் சீ என்கிறார்.
என். ஏ. டி. எச்.

இரண்டாவது எக்காளம்
மிச்சத்தை விழுங்குகிறது.

பதினேழு என்று கூப்பிடுகிறார்கள்.
நான்தான் எடுத்துப்போக வேண்டும்.
பூவுக்கு இவ்வளவு கனமா?
அடியில் ஈரப் பஞ்சு, சட்டையெல்லாம் நனைகிறது.
வைத்துவிட்டு நிமிர்கிறேன்.
கயிற்றுக்கு அப்பால் அவர்
மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு
முதலிலிருந்து
எஸ் என்கிறார்.